பேர் சொல்லாத நாற்பத்தெட்டு நாள்

"தணிகைவேல்" என்று கூப்பிட்டது, எழுந்து போனேன். கதவுகிட்ட ஓ.பி. சீட்டுக்கட்டோடு நிற்கிற அண்ணன் என் கறுப்பு வேட்டியைப் பார்த்தார், கழுத்து மாலையைப் பார்த்தார், குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, "பேரு சொல்லுங்க சாமி" என்றார். சொன்னேன். கட்டைப் புரட்டினார். "நான் கூப்டவே இல்லியே. உங்க சீட்டு அடியில இருக்கு, போய் ஒக்காருங்க" என்றார். திரும்பி வந்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒருத்தன் அவசரப்பட்டுப் போனான், வந்து உட்கார்ந்தான். ஆனால் பழைய நாற்காலிக்குப் போகவில்லை, அங்கே எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், தூணுக்குப் பின்னால் ஒரு இடம் காலியாக இருந்தது, அங்கே வந்து உட்கார்ந்தேன். இங்கிருந்து கதவு தெரியாது. தூண் மட்டும்தான் தெரியும். பாதி வரைக்கும் பச்சை பெயின்ட், மேலே வெள்ளை, இரண்டும் சேருகிற கோட்டில் யாரோ சாய்ந்து சாய்ந்து எண்ணெய்த் தலை பட்டு ஒரு கறை, கறையை உற்றுப் பார்த்தால் அது மெதுவாக மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது. பார்க்கக்கூடாது. பார்த்தால் அது ஆரம்பிக்கும். பெரிய ஆஸ்பத்திரி, மனநலப் பிரிவு, காலை பத்தரை மணி, பன்னிரண்டுக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், அப்புறம் அடுத்த செவ்வாய்க்கிழமைதான். அடுத்த செவ்வாய் வரைக்கும் என்னால் முடியாது. இதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கே வந்திருப்பதே வீட்டுக்குத் தெரியாது. கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். மாலை போட்டுக்கொண்டு பொய். சரி, பரவாயில்லை, பொய் எனக்குப் புதுசா என்ன.

கூப்பிட்டது யார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை, அதுதான் கொடுமை. இருபத்தியொரு நாளாக என் பேரை யாருமே சொல்லவில்லை. மாலை போட்டால் அப்படித்தான், பேர் போய்விடும், எல்லாருக்கும் நீ சாமி. அம்மா சாமி என்கிறாள். தங்கச்சி நித்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு சாமி என்கிறாள், "சாமி, அந்த சார்ஜர எடுத்துக் குடுங்க சாமி." தெருமுனை டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், சீட்டு போடுகிற கவுன்ட்டர் அக்கா, எல்லாரும் சாமி. அப்பாகூட. பிளஸ் ஒன் பாதியில் ஸ்கூலை விட்டதிலிருந்து அப்பாவுக்கு நான் "டேய் தண்டம்". அதற்கப்புறம் அந்தப் பழக்கம் எல்லாம் தெரிந்தபோது தண்டம்கூட இல்லை, அயர்ன்பாக்ஸ் ஒயரால்தான் பேசினார். அதே மனுஷன் மாலை போட்ட அன்றைக்கு வாசலில் குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் விரல் என் பாதத்தில் பட்டபோது ஒயர் பட்ட இடமெல்லாம் முதுகில் சிலிர்த்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் விழுங்கிவிட்டு சாமி சரணம் என்றேன். இப்படி உலகத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் பேரை மறந்துவிட்டபோது, தணிகைவேல், தணிகைவேல் என்று முழுசாக, ஸ்கூலில் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி கூப்பிடுவது யாராக இருக்க முடியும். மாலை போடாமல் இருந்திருந்தால் தெருவில் யாரோ கூப்பிட்டார்கள், பக்கத்து வீட்டில் டி.வி. ஓடுகிறது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு இருந்திருப்பேன். இப்போது அதற்கும் வழியில்லை. பேர் காதில் கேட்டால் அது உள்ளேயிருந்துதான்.

"சாமி, ஒத்திக்கவா?" என்று பக்கத்தில் ஒரு அக்கா. கார்ப்பரேஷன் குப்பை வண்டி ஓட்டுகிறவங்க, பச்சை கோட்டைக் கழற்றி மடியில் மடித்து வைத்திருந்தாங்க. கையில் போண்டா பொட்டலம். "முட்ட போண்டா சாமி, அதான். உங்க மேல பட்டுடப் போவுது." ஒரு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாங்க, அவங்களுக்கு அந்தப் பக்கம் அவங்க வீட்டுக்காரர். அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்தது, போண்டாவை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அது இரண்டு தடவை பாதை மாறியது. "இவுரும் வருஷா வருஷம் மால போடுவாரு சாமி" என்றாங்க அக்கா, அவரைப் பார்க்காமலே. "நாப்பத்தெட்டு நாளும் தங்கம். மல எறங்கி வந்து மாலையக் கழட்டி ஆணியில மாட்டுவாரு பாருங்க, அந்தக் கை அப்படியே சட்டப் பாக்கெட்ட தேடும், குவாட்டருக்கு." அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "அதுக்குன்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவ மால போட முடியுமா, குருசாமி தொரத்திடுவாரு" என்றார். அக்காவும் சிரித்துவிட்டாங்க. அப்புறம் கேட்டாங்க, "சாமி யாருக்காக வந்திருக்கீங்க?" நாக்கில் அது தயாராக இருந்தது, நான் யோசிக்கவே இல்லை: "அண்ணனுக்கு." எனக்கு அண்ணனே கிடையாது. "ஐயோ பாவம், இந்த வயசுல நீங்க பாக்குறீங்க. நல்லா ஆயிடுவாரு சாமி. எங்க இருக்காரு?" "டீ குடிக்கப் போயிருக்கான்." இல்லாத அண்ணன் இப்போது ஆஸ்பத்திரி வாசலில் டீ குடிக்கிறான். எனக்கு அவனைப் பார்க்க முடிகிறது. என் சட்டையைப் போட்டிருக்கிறான், ஜீன்ஸ், என் பழைய செருப்பு. டீ ஆறிப்போகிறது, குடிக்காமல் நிற்கிறான். அவனுக்குத்தான் காதில் கேட்கிறது. எனக்கில்லை.

ஃபேன் மேலே ஆடி ஆடிச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டக். டக் என்பதைச் சும்மா டக் என்று விட்டுவிட வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டால் அது ஒரு எழுத்தாகும், எழுத்து வார்த்தையாகும். வாட்டர் சர்வீஸில் முதலில் அப்படித்தான் வந்தது. ஸ்கூலை விட்டதும் அங்கேதான் சேர்ந்தேன், பைக் கழுவுகிற வேலை. நுரை அடிக்கிற கன்னை அழுத்தினால் வண்டியே காணாமல் போய்விடும், வெள்ளையாக ஒரு மாடு படுத்திருக்கிற மாதிரி இருக்கும். நுரையில் ஆயில் கலந்து பச்சை, ஊதா, ரோஸ் என்று ஓடும், ஒவ்வொரு குமிழியிலும் ஒரு குட்டி வானம், ஒரு குட்டி நான். கூட வேலை பார்த்த ஜெரால்டு பின்பக்கம் மோட்டார் ரூமில் கஞ்சாப் பொட்டலம் வைத்திருப்பான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பொய் சொல்ல மாட்டேன், நன்றாக இருந்தது. அதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஸ்கூலில் போஸ்டர் ஒட்டினார்கள், மண்டை ஓடு போட்டு, அதில் நன்றாக இருக்கும் என்று எழுதவில்லை, அதனால் முதல் நாளே போஸ்டர் பொய் என்று முடிவு பண்ணிவிட்டேன். நேரம் பாகு மாதிரி இழுபடும். தண்ணீர் தரையில் ஓடுவதை ஒரு மணி நேரம் பார்க்கலாம், சலிக்காது. அப்பா கத்துவது பக்கத்து ஊரில் கத்துவது மாதிரி கேட்கும். அப்புறம் ஜெரால்டு உடம்பு வலிக்குப் போடுகிற மாத்திரை கொண்டுவந்தான், அது வேறு மாதிரி, வயிற்றில் யாரோ வெந்நீர்ப் பை வைத்த மாதிரி, உலகத்தில் எல்லாரையும் மன்னித்துவிட்ட மாதிரி. மன்னிப்பு நாலு மணி நேரம் இருக்கும். அப்புறம் மூக்கில் தண்ணீர், கொட்டாவி மேல் கொட்டாவி, தோலெல்லாம் உரித்த கோழி மாதிரி புள்ளி புள்ளியாக. அப்படி ஒரு நாள் நுரைக்குள்ளிருந்துதான் முதல் தடவை கூப்பிட்டது. தணிகைவேல். கன்னை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. பழக்கத்தில் "உள்ளேன் ஐயா" என்றேன், ஜெரால்டு விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். மறுபடி கூப்பிட்டபோது சிரிக்கவில்லை. குமிழி ஒவ்வொன்றாக உடைந்தது, உடைகிற ஒவ்வொன்றும் சொன்னது.

உள்ளே இருக்கிற டாக்டர் மேடம் சின்னவங்க, எங்கள் ஸ்கூல் பயாலஜி டீச்சரைவிடச் சின்னவங்க. முதல் தடவை அம்மாவும் அப்பாவும் கூட்டிவந்தபோது அவங்களை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் பேசினாங்க. சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு உருண்டை வரைந்தாங்க, நடுவில் ஒரு சந்து. இந்த உருண்டை அந்த உருண்டைக்கு ஒரு சேதி அனுப்புது, சந்தில் ஒரு ரசாயனம் நடந்து போகுது, அதுக்குப் பேர் டோபமைன், நல்லா சாப்பிட்டா, ஜெயிச்சா, யாராவது பாராட்டினா கொஞ்சம் ஊறும், நீ வெளியிலிருந்து போட்டதும் சந்தில் வெள்ளம். "வலி குறைக்கறதுக்கும் உடம்பே ஒண்ணு தயார் பண்ணும்ப்பா. நீ மாத்திரையா ஊத்துனதும் அது வேலைய நிறுத்திடுச்சு" என்றாங்க. எனக்கு உடனே புரிந்தது. "தெருவுக்கு டெய்லி தண்ணி லாரி வந்தா யாரும் போர் மோட்டார போட மாட்டாங்க, மேடம். மோட்டார் தூசி புடிச்சு ஜாம் ஆயிடும். அப்பறம் லாரி வராத அன்னிக்கு ஸ்விட்ச போட்டா உர்னு கத்தும், தண்ணி ஏறாது" என்றேன். அவங்க பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இத நான் அடுத்த பசங்களுக்குச் சொல்லிக்கட்டுமா?" என்றாங்க. ஒன்றும் பெரிசில்லை, ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற வரைக்கும் எனக்குள் ஏதோ ஊறிய மாதிரி இருந்தது, அதுதான் டோபமைனோ என்னவோ. காதில் கேட்கிறதுக்கு மட்டும் அவங்க சிரிக்கவில்லை. "கஞ்சா சில பேர் மூளைய அப்படித் தட்டிவிடும். யாரோடதுன்னு முன்னாடியே சொல்ல முடியாது. உன்னுது அப்படிப்பட்ட மூளை. இந்த மாத்திரைய நீயா நிறுத்தக் கூடாது, குரல் நின்னுட்டாலும் நிறுத்தக் கூடாது, புரியுதா?" புரிந்தது. ஒரு மாசம் போட்டேன். வாய் வறண்டது, தூக்கமாக வந்தது, வெயிட் போட்டேன், நித்யா என்னை பன்னு என்றாள். ஆனால் அமைதி. அந்த அமைதி எப்படி இருந்தது என்றால், ராத்திரி பகல் ஓடின மிக்ஸியை யாரோ நிறுத்தின மாதிரி.

அப்புறம் மாலை. அம்மா வேண்டிக்கொண்டாள், குருசாமி போட்டுவிட்டார். குருசாமி எங்கள் தெருதான், லைன்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர், நல்ல மனுஷன், என் கன்னத்தில் தட்டி, "ஐயப்பன் கைய புடிச்சிட்டல்ல, அவ்ளோதான், இனிமே கெத்து" என்றார். வீட்டுக்கு வந்து அம்மா ரூமைக் கழுவினாள். அலமாரியைத் துடைத்தாள். என் மாத்திரை அட்டையை எடுத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும், என் ஜீன்ஸ் பாக்கெட்டில் அந்த வலி மாத்திரை அட்டையைக் கண்டுபிடித்த அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. அவளுக்கு அட்டை என்றால் அட்டைதான். வெள்ளி முதுகு, கண்ணாடிப் பொட்டு, உள்ளே அவள் பையனைத் தின்கிற ஒன்று. "மால போட்ட ஒடம்புல இது எதுக்குடா" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, "எதுக்கு சாமி, இனிமே அவன் பாத்துக்குவான்" என்று ஒவ்வொன்றாகப் பிதுக்கி பாத்ரூமில் போட்டு, இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றினாள். டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னாங்கம்மா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை. அவள் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அது ஒரு காரணம். எனக்கும் பன்னு மாதிரி இருக்கப் பிடிக்கவில்லை, அது இன்னொன்று. சரியாகிவிட்டேன் என்று நினைத்தேன், அதுதான் நிஜமான காரணம். குருசாமி மருந்து வேண்டாம் என்று சொல்லவே இல்லை. யாரும் அவரைக் கேட்கவே இல்லை. அவரே காலையில் பூஜைக்கு முன்னால் பிரஷருக்கு ஒரு மாத்திரை போடுகிறார், நான் என் கண்ணால் பார்த்தேன், பன்னிரண்டாம் நாள். பார்த்து, நான் செய்தது எவ்வளவு முட்டாள்தனம் என்று சிரிக்கப் போனேன், அப்போதுதான் பின்னாலிருந்து கூப்பிட்டது. பஜனையில் இருபது பேர் இருந்தார்கள், இருபது பேரும் சாமியே என்றார்கள், நடுவில் ஒரே ஒரு குரல் தணிகைவேல் என்றது.

திரும்பவும் வந்துவிட்டது என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்பா முதலில் என் கண்ணைப் பார்ப்பார், சிவப்பா என்று. அப்புறம் என் வாயை முகர்வார். மாலையிலேயே போட்டிருக்கியாடா என்பார், சாமி போய் டா வந்துவிடும். நான் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை, ஜெரால்டு போன் பண்ணினபோது எடுக்கக்கூட இல்லை. ஆனால் என் சத்தியத்துக்கு எங்கள் வீட்டில் என்ன மரியாதை. அம்மா எதுவும் சொல்ல மாட்டாள், மாலையைப் பார்ப்பாள், பார்த்துக்கொண்டே இருப்பாள், ஐயப்பனும் கைவிட்டுவிட்டானா என்று. அதைவிட ஒயர் தேவலை. அதனால் ஒன்பது நாளாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன், சாமி சரணம், சாமி சரணம். குளிர்ந்த தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றும்போது மட்டும் கொஞ்ச நேரம் அந்தக் குரல் இருக்காது, அதனால் நாலு தடவை குளிக்கிறேன், தெருவே என் பக்தியைப் பார்த்து மெச்சுகிறது. நேற்று அது பேரோடு நிற்கவில்லை. மொட்டை மாடிக்கு வா என்றது. சும்மா, நண்பன் கூப்பிடுகிற மாதிரி. காற்று வாங்க வா என்கிற மாதிரி. நான் நாலு படி ஏறிவிட்டேன். ஐந்தாவது படியில் நித்யா உட்கார்ந்து நெயில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள், "சாமி, மிதிச்சிடாதீங்க சாமி, ஈரம்" என்றாள். இறங்கிவிட்டேன். அதனால்தான் இன்றைக்கு வந்தேன். அதனால்தான் அடுத்த செவ்வாய் முடியாது.

கதவுப் பக்கம் ஏதோ மாறியது. அந்த அண்ணன் சாப்பிடப் போகிறார் போல, வேறு யாரோ சீட்டை வாங்கிக்கொள்கிற சத்தம். தூண் மறைக்கிறது. மணி பதினொன்றே முக்கால். வெயில் வராண்டாவில் பாதி வரைக்கும் வந்து, தண்ணீர் மாதிரி மொசைக்கில் பரவிக்கிடக்கிறது, அதில் யாரோ நடந்தால் அலை அடிக்கும் என்று தோன்றுகிறது. தணிகைவேல். அந்த அண்ணனின் குரல், ஆனால் அவர்தான் போய்விட்டாரே. அது அப்படித்தான், கையில் கிடைக்கிற குரலை எடுத்துக்கொள்ளும். நான் எழவில்லை. ஒருதடவை அவமானப்பட்டது போதும். ஃபேன் டக் என்றது. போண்டா எண்ணெய் வாசனை. வீட்டுக்காரர் தூங்கிவிட்டார், தூக்கத்திலும் கை மெதுவாக ஆடுகிறது, கனவில் யாருக்கோ டாட்டா காட்டுகிற மாதிரி. தணிகைவேல். இது பொம்பளைக் குரல். புதுசு. புதுக் குரலும் எடுக்குமா? நேற்று மொட்டை மாடிக் குரல்கூட புதுசுதானே. எடுக்கும். மறுபடியும், கொஞ்சம் கோபமாக, தணிகைவேல். இன்னொரு தடவை. எழுந்து போய், அது பொய்யாக இருந்து, இன்னும் உங்கள கூப்டல சாமி என்றால்? உட்கார்ந்தே இருந்து, அது நிஜமாக இருந்து, சீட்டை அடியில் தள்ளி, கதவைச் சாத்திவிட்டால்? வீட்டுக்குப் போய் படி ஏறினால் நித்யா அங்கே இருப்பாளா, எல்லா நாளும் நெயில் பாலிஷ் போடுவாளா? வியர்வை மாலையில் இறங்குகிறது. இரண்டும் என் காதுதான், எந்தக் காதை நம்புவது. நம்ப வேண்டியது வேறு காது. அவ்வளவுதானே விஷயம். வேறு ஒருத்தர் காது. இதைக் கேட்டுவிட்டால் அண்ணன் டீ குடிப்பதெல்லாம் போய்விடும். போகட்டும்.

"அக்கா." "சொல்லுங்க சாமி." "இப்ப அங்கருந்து ஒரு பேரு கூப்ட்டாங்களா? இல்ல, எனக்கு மட்டும் கேட்டுச்சா?" என் குரல் உடைந்து யாரோ சின்னப் பையன் குரல் மாதிரி வந்தது. அக்கா என்னைப் பார்த்தாங்க. வேட்டியைப் பார்க்கவில்லை, மாலையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாங்க. "தணிகைவேலு தான? அந்தம்மா மூணு வாட்டி கத்திடுச்சே. உங்க அண்ணனா சாமி? எங்க போயிட்டாரு அவுரு, டீ குடிக்க இம்மா நேரமா?" தணிகைவேலு. கடைசியில் ஒரு உகரம் சேர்த்து, பல்லில் போண்டாத் துணுக்கோடு, ஒரு மனுஷி வாயிலிருந்து என் பேர். இருபத்தியொரு நாளுக்கு அப்புறம். "அண்ணன்லாம் யாரும் இல்லக்கா" என்றேன். "நான்தான்." அக்கா மடியிலிருந்த பச்சை கோட்டைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, குப்பை வண்டிக்கு ஆள் கூப்பிடுகிற குரலில், "இந்தாம்மா, சாத்திடாத! ஆளு இங்க இருக்கு! தணிகைவேலு இங்கதான் இருக்கான்!" என்று கத்தினாங்க. வராண்டா முழுக்கத் திரும்பியது. வீட்டுக்காரர் தூக்கத்திலிருந்து பதறி எழுந்து, எதற்கு என்றே தெரியாமல், நடுங்குகிற கையால் என் பக்கம் காட்டினார். "போ கண்ணு, ஓடு" என்றாங்க அக்கா. ஓடவில்லை, நடந்தேன். தூணைத் தாண்டி, வெயில் தேங்கின இடத்தைத் தாண்டி. கதவு பாதி சாத்தியிருந்தது, உள்ளே டாக்டர் மேடம் பையை எடுத்துத் தோளில் மாட்டப் போனவங்க என்னைப் பார்த்துவிட்டு மறுபடி கீழே வைத்தாங்க. பின்னாலிருந்து இன்னொரு தடவை தணிகைவேல் என்று கேட்டது. அக்காவா, அதுவா, தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. அதையும் சேர்த்து உள்ளே சொல்லிவிட வேண்டும்.